கயிறு பிடித்தவர் கையில் பால்சங்கு

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிரசவத்துக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கட்டிலில், பால் நின்றுபோன ஒரு தாய்க்கு மறுபடியும் பால் வரவைக்க நர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். நூல் மாதிரி மெல்லிய டியூப்பு ஒன்று. அதன் ஒரு முனை பால் கிண்ணத்துக்குள் கிடந்தது, மறு முனையைத் தாயின் காம்போரமாகப் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தார்கள். பிள்ளை மார்பைச் சப்பும்போதெல்லாம் கிண்ணத்துப் பால் டியூப்பு வழியாக அதன் வாய்க்குள் போனது. "இது புது முறை பாட்டி" என்று ஒருத்தி எனக்கு விளக்கினாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாதுதான். அந்த நர்ஸ் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. அவளைச் சமாதானப்படுத்தத்தான் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுதிக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று பிடித்துக்கொண்டாள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்கு வாய்க்கு மட்டும்தான் வேலை இருந்தது. இப்போது கைக்கும் வந்துவிட்டது.

நான் பனங்காட்டுப் பக்கத்துக்காரி. அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். நாடார் வீட்டுப் பெண் நர்ஸ் வேலைக்குப் போவதா என்று சொந்தக்காரர்கள் ஒரு வருஷம் பேசினார்கள், பிறகு களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். பாளையங்கோட்டையில் படித்தேன். கை கழுவுவதும் வாயை அடக்குவதும்தான் அங்கே முக்கியப் பாடம். முதலாவது நன்றாக வந்தது. இரண்டாவது கடைசிவரை வரவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயத்தில் தூத்துக்குடியில் எனக்கு வேலை கிடைத்தது. பதினெட்டுக் கட்டில் உள்ள சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாடையும் கப்பல் கரிப்புகையும் சேர்ந்து வரும். எங்கள் எல்லாருக்கும் மேலே டாக்டரம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சேலை தவிர வேறு எதுவும் உடுத்தி நான் பார்த்ததில்லை. அந்தச் சேலையில் மருந்தோ தண்ணீரோ ஒரு சொட்டுப் பட்டாலும் போதும், ரவுண்டை அப்படியே நிறுத்திவிட்டு அறைக்குப் போய் வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் திரும்பி வருவார். அதற்கென்றே அறை அலமாரியில் இரண்டு சேலை மடித்துத் தயாராக இருக்கும். நாங்கள் அவர் பக்கத்தில் டம்ளர் தூக்கவே பயப்படுவோம்.

அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நாம் ஒன்று கேட்டு அவர் "பார்க்கலாம்" என்றால் அது நடக்காது. உண்மையிலேயே அவருக்குச் சம்மதம் என்றால் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், தலையும் ஆட்ட மாட்டார், சம்பந்தமில்லாமல் வேறு ஏதோ ஒரு கேள்வி கேட்பார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

ரவுண்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்றே கேள்விதான். "வாய்? வயிறு? துணி?" பிள்ளையின் வாய் ஈரமாக இருக்கிறதா, வயிறு இளகியிருக்கிறதா, நேற்றிலிருந்து எத்தனை துணி நனைத்தது என்று நான் மளமளவென்று சொல்ல வேண்டும். துணி எண்ணிக்கைக்காக ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சிலேட்டு தொங்கும். முதல் நாளே என்னிடம் சொன்னார், "எவ்வளவு பால் உள்ளே போச்சுன்னு கடவுளுக்குத்தான் தெரியும் நர்ஸ். நீ வெளியே வந்ததை எண்ணு."

இப்படி ஒரு நாள் காலையில் புன்னைக்காயலிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. அதிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். முதலில் பிலோமி என்ற நாற்பது வயது அம்மாள், இடுப்பில் ஒரு துணி மூட்டையோடு. அடுத்து அவளுடைய தம்பி சூசை, அதிகம் பேசாத மனிதர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி அமலோற்பவம், வீட்டில் அமலி. இருபது வயதுகூட இருக்காது. எலும்பும் தோலுமாக இருந்தாள், தலைமுடி பாதி கொட்டியிருந்தது. துணி மூட்டை என்று நான் நினைத்தது அவளுடைய பெண்பிள்ளை. பெயர் சலேத்து. பிறந்து ஏழு வாரமாகியும் அப்போதுதான் பிறந்த பிள்ளையின் எடைகூட இல்லை.

நடந்தது இதுதான். பிரசவமாகி எட்டாம் நாள் அமலிக்கு டைபாய்டு கண்டுவிட்டது. பிழைப்பாளா என்பதே சந்தேகம். பிள்ளையைப் பிரித்து வைத்தார்கள். மார்பு கட்டிக்கொண்டு, காய்ச்சலோடு அந்த வேதனையும் சேர்ந்து அவள் துடித்திருக்கிறாள். பிலோமி சும்மா இருப்பாளா, மல்லிகைப்பூவை வாங்கி நெருக்கமாக மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். பூ கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். பூ வாட வாட மாற்றிக் கட்டியதில் ஒரு வாரத்துக்குள் பால் நின்றுவிட்டது. பிள்ளைக்கு டப்பாப் பால். யுத்தத்தில் கப்பல் வரத்துக் குறைந்து, டப்பாப் பால் கடையில் கண்ணில் படவில்லை. மாட்டுப்பால் கொடுத்தால் பிள்ளைக்கு வயிற்றோட்டம். ஆட்டுப்பாலும் அப்படியே. காய்ச்சலிலிருந்து தாய் எழுந்துவிட்டாள், இப்போது பிள்ளை போய்விடும்போல் இருந்தது.

நான் பிலோமியைப் பிடித்து ஒரு மூச்சு ஏசித் தீர்த்துவிட்டேன். கொஞ்சமாவது மூளை வேண்டாமா, உயிரோடு இருக்கிற பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்று. அவள் எதிர்த்துப் பேசுவாள், நாலு வார்த்தை திருப்பிக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜொரத்துப் பாலு பிள்ளைக்கு ஆகாதுன்னு நெனச்சேன் நர்சம்மா. அவ துடிக்கத பாக்கச் சகிக்கல. நான் பெத்ததும் இல்ல, வளத்ததும் இல்ல, எனக்கு என்ன தெரியும்" என்றாள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. கை கொடுத்து அவளைத் தூக்கிவிட்டேன்.

டாக்டரம்மா அமலியைப் பார்த்தார். "பால் நின்னு எத்தனை வாரம்?" என்று கேட்டார். ஐந்துக்கு மேல் என்றேன். "பார்க்கலாம்" என்றார். அப்படியென்றால் நடக்காது. வாயை அடக்க வராதவள் நான். பாளையங்கோட்டையில் ஒருத்திக்கு நாலு வாரம் கழித்துப் பால் திரும்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், தன் அக்காள் பிள்ளையைச் சும்மா சப்பவிட்டே வந்தது, இவளும் சின்னப் பெண்தான், எனக்கு விட்டுக்கொடுங்கள் என்று மூச்சு விடாமல் பேசினேன். டாக்டரம்மா பூட்டு அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே மூன்று பால் டப்பா.

"இது தீர்ற வரைக்கும்தான். அடுத்தது எந்தக் கப்பல்ல இருக்கோ, அந்தக் கப்பல் எங்க இருக்கோ" என்றார். அலமாரியைப் பூட்டிக்கொண்டே, "பிள்ளை சப்பினால்தான் பால் வரும் நர்ஸ். பால் வந்த பிறகு சப்பட்டும்னு காத்திருந்தால் ரெண்டும் நடக்காது" என்றார்.

பார்த்துச் செலவழித்தால் மூன்று டப்பா இரண்டு வாரம் வரும். அதற்குள் அமலிக்குப் பால் வந்தாக வேண்டும்.

அன்றைக்கே ஆரம்பித்தேன். வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியை மார்பில் ஐந்து நிமிஷம் போட்டு வைப்பேன். பிறகு தேங்காயெண்ணெய் தொட்டு, விலா ஓரத்திலிருந்து காம்பை நோக்கி விரல் நுனியால் மெதுவாக நீவிவிடுவேன். அழுத்தக் கூடாது, அழுத்தினால் வீங்கிக்கொள்ளும். அதற்கப்புறம் பிள்ளையின் சட்டையைக் கழற்றி, தாயின் உடம்போடு உடம்பாகப் படுக்கவைத்து மார்பில் சேர்ப்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். இதெல்லாம் படித்த பாடம். படிக்காத சங்கடம் ஒன்று இருந்தது. சலேத்துக்குச் சப்பவே தெரியவில்லை.

ஏழு வார வாழ்க்கையில் பாதிக்கு மேல் அவள் பால்சங்கில் குடித்தவள். எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும், உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சங்கு, அந்தச் சங்கின் மூக்கு வழியாகப் பாலைப் பிள்ளையின் வாயில் ஊற்றலாம். மார்பில் சேர்த்தால் சலேத்து வாயை ஆவென்று திறந்துகொண்டு, யாராவது ஊற்றுவார்கள் என்று பேசாமல் காத்திருப்பாள். ஒன்றும் விழவில்லை என்று தெரிந்ததும் கத்துவாள். பாருங்கள் அந்தக் கத்தலை, அவ்வளவு சின்ன உடம்புக்குள் அது எங்கே இருந்தது என்று பதினெட்டுக் கட்டிலும் ஆச்சரியப்பட்டது. பிள்ளை கத்த, தாய் அழ, பிலோமி ஜெபமாலையை எடுக்க, எனக்கோ பக்கத்துக் கட்டிலில் பிரசவம் பார்க்கிற வேலை.

இந்த லட்சணத்தில் நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பால் வந்துவிட்டதா என்று பார்க்க, தினமும் அமலியின் மார்பைப் பிழிந்து மருந்து அளக்கிற கண்ணாடியில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி காலியாகவே இருந்தது. அமலி அந்தக் காலிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் நாள் டாக்டரம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, துடைத்து, மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவள் பசுமாடு இல்லை, பிள்ளையைப் பார் என்று மட்டும் சொன்னார்.

பிள்ளையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் யோசனை வந்தது. அவளுக்குப் பழகியது சங்கு. சரி, சங்கையே மார்புக்குக் கொண்டுவருவோம். பிள்ளையை மார்பில் சேர்த்து, சங்கிலிருந்து பாலை மார்பின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டேன். அது வழிந்து காம்பு வழியாகப் பிள்ளையின் வாய்க்குள் போனது. சலேத்து கத்தலை நிறுத்தினாள். நக்கினாள். இரண்டு தரம் சப்பவும் சப்பினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சங்கு முழுவதையும் கவிழ்த்துவிட்டேன். பிள்ளைக்குப் புரையேறி, பால் அமலியின் இடுப்புவரை வழிந்து, அலமாரியிலிருந்த பொக்கிஷத்தில் ஒரு வேளைப் பால் பாயில் போயிற்று.

இதற்கு மூன்று கை வேண்டும் என்று தெரிந்துவிட்டது. தாயின் இரண்டு கையும் பிள்ளையைப் பிடிக்க, சங்குக்குத் தனியாக ஒரு கை. பதினெட்டுக் கட்டிலைப் பார்க்கிற எனக்கு அரை மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க முடியுமா? பிலோமியிடம் சங்கைக் கொடுத்தேன். அவளுக்கோ பிள்ளை என்றால் உருகும். பிள்ளை சிணுங்கினால் ஊற்றுவாள், சிணுங்காவிட்டாலும் ஐயோ பாவம் என்று ஊற்றுவாள். சலேத்து வாயை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு ராணி மாதிரிப் படுத்திருந்தாள். சப்ப வேண்டிய அவசியமே இல்லையே. மார்பும் சங்கும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. முதல் டப்பா தீர்ந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்குத்தான் ஆண்கள் பார்க்க வரலாம். அதுவும் வாசலோடு சரி. சூசைக்கு அப்போது தூத்துக்குடியில் சங்குகுளிப்பு வேலை, கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பது. விடிகாலையில் கரைக்காற்றில் தோணி போய், மத்தியானத்துக்கு மேல் கடல்காற்றில் திரும்பிவிடும். கல்லைக் கட்டிக்கொண்டு அடியில் இறங்குகிறவர் லூர்து, அமலியின் அண்ணன். மேலே தோணியில் அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் சூசை. குளிக்கிறவர்கள் தங்கள் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், வேறு யாரையும் நம்ப மாட்டார்கள். காரணம் எளிது. கயிறு பிடிக்கிறவன் அசந்துவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்கு சூசை வாசலில் நின்று, தன் அக்காள் பால் ஊற்றுவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போனபோது மெதுவாகக் கூப்பிட்டார்.

"நர்சம்மா, தப்பா நெனைக்காதிய. அக்கா கயித்தப் பாக்காம விடுதா."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "கீழ உள்ளவன் இழுத்தாத்தான் நாம தூக்கணும். அவன் இழுக்குமுன்ன நாமளா பாவப்பட்டுத் தூக்குனா, வெறுங்கையோட மேல வருவான். பிள்ளை இழுக்கட்டும். இழுத்தா ஒரு சொட்டு. இழுக்கலன்னா இல்ல."

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்லி நான் பார்த்ததில்லை. அமலியின் கட்டில் கடைசிக் கட்டில். சுற்றிலும் இரண்டு போர்வையை மறைப்பாகக் கட்டினேன். சூசையைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரிச் சட்டப்படி அது பெரிய குற்றம். தெரிந்தேதான் செய்தேன்.

அவர் முட்டிபோட்டு உட்கார்ந்தார். இடது கையின் சுண்டுவிரலைப் பிள்ளையின் தாடைக்குக் கீழே பட்டும் படாமலும் வைத்தார். வலது கையில் சங்கு. கண்ணை மூடிக்கொண்டார். தாடை அசைந்தது, ஒரு சொட்டு விட்டார். தாடை நின்றது, சங்கும் நின்றது. சலேத்து சிணுங்கினாள். போர்வைக்கு வெளியே பிலோமி, "ஏலே, பிள்ளை அழுதுல்லா, ஊத்துலே" என்று பதறினாள். சூசை அசையவில்லை. சலேத்து கோபத்தோடு ஒரு இழு இழுத்தாள். ஒரு சொட்டு. அடுத்து இரண்டு இழுப்பு, இரண்டு சொட்டு. அரை மணி நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு வியாபாரம் புரிந்துவிட்டது. மூன்று நாளாக அழுதுகொண்டிருந்த அமலி முதல் தடவையாகச் சிரித்தாள். "இழுக்கா அக்கா, உள்ளுக்குள்ள இழுக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் தினம் சாயங்காலம் ஒரு தரம் போதாதே, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் வேண்டுமே. சூசை கடலுக்குப் போகாவிட்டால் லூர்தும் குளிக்க முடியாது. சூசை தயங்கித் தயங்கிக் கேட்டபோது லூர்து, "சங்கு எங்கயும் ஓடிப்போவாது மாப்ள, நீ அங்கன கயித்தப் பாரு" என்றாராம். மறுநாள் விடிந்ததும் சூசை குளித்துத் தலை சீவி, ஞாயிறு பூசைக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டையோடு பின்வாசலில் நின்றார்.

அவரை டாக்டரம்மாவிடமிருந்து ஒளித்துவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரவுண்டு வரும் நேரத்தில் வெளியே அனுப்பிவிடுவேன். இரண்டாம் நாள் டாக்டரம்மா கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். பதினேழு கட்டிலையும் பார்த்துவிட்டுப் பதினெட்டாவதற்கு வந்து போர்வையை விலக்கினார். உள்ளே சூசை, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையில் சங்கோடு. எனக்கு வேலை போயிற்று என்று நினைத்தேன். அப்பாவின் கருப்பட்டி மண்டிகூட கண்முன்னே வந்துவிட்டது.

டாக்டரம்மா சேலையில் குத்தியிருந்த கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிள்ளை குடித்து முடிக்கும்வரை நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சூசை கண்ணைத் திறந்தார், எதிரே டாக்டரம்மாவைப் பார்த்துச் சட்டென்று எழுந்தார்.

"நகம் வெட்டியிருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவர் பத்து விரலையும் நீட்டினார். கயிறு உரசி உரசித் தடித்துப்போன விரல்கள். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. டாக்டரம்மா அடுத்த அறைக்கு நடந்துவிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்குள் பகலெல்லாம் உட்கார்ந்திருந்த முதல் ஆண்பிள்ளை சூசைதான்.

சங்கு கையை விட்டுப் போனதும் பிலோமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால் ஊறும் என்று காரப்பொடி மீன் குழம்பு, பால்சுறாப் புட்டு, பூண்டு வதக்கல் என்று வேளைக்கு ஒன்று கொண்டுவந்தாள். அமலி தேறினாள், நான் பெருத்தேன். அதுவும் போதாமல் அவளாகவே ஒரு உத்தியோகத்தை எடுத்துக்கொண்டாள். வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொரு பெண்ணின் தலையிலிருந்தும் மல்லிகைப்பூவைக் கழற்றி வாங்கினாள். வாசம் பட்டாலே பால் வற்றிவிடும் என்று அவளுக்குப் பயம். நகரசபையில் பெரிய வேலையிலிருந்த ஒருவருடைய சம்சாரம் தலை நிறையப் பூவோடு வந்து, மொட்டைக் கொண்டையோடு உள்ளே போனார். பஞ்சாயத்து டாக்டரம்மாவரை போயிற்று. தலையில் வைக்கிற பூவால் ஒன்றும் ஆகாதே, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நான் கேட்டேன். டாக்டரம்மா, "அவள் கைக்கு ஒரு வேலை இருக்கட்டும் நர்ஸ். இல்லைன்னா திரும்பச் சங்கை எடுப்பா" என்றார்.

ஒன்பதாம் நாள் காலை. அமலி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ பெற்ற பிள்ளை அழுதது. அமலி வாருவதை நிறுத்திவிட்டுத் தன் ரவிக்கையைக் குனிந்து பார்த்தாள். இடது பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்கு நனைந்திருந்தது.

"அக்கா" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். வாசலிலிருந்து பிலோமி பறிமுதல் செய்த பூவோடு ஓடிவந்தாள், அந்தப் பூவை ஜன்னல் வழியாக வீசிவிட்டு அமலியைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் அழுதோம். சொல்ல வெட்கம் எதற்கு, வார்டே அழுதது. சூசை மட்டும் சங்கைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்த வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

அன்றிலிருந்து சங்கில் ஊற்றும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். முதலில் கால் பங்கு, பிறகு பாதி. பிள்ளையின் வாய் ஈரமாக இருந்தது, வயிறு இளகியிருந்தது, சிலேட்டில் துணி குறையவில்லை. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் சங்கை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கடைசி டப்பாவில் முக்கால்வாசி இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அந்தி வேளையில் ஒரு கூலிக்காரர் துண்டில் சுற்றிய பிள்ளையோடு வந்தார். தாய் வீட்டிலேயே பிரசவத்தில் போய்விட்டாளாம். பிறந்து ஒரு நாள் ஆன ஆண்பிள்ளை. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அந்தக் கடைசி டப்பாவைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. இன்னும் ஏழே நாள் என்றேன். பாதிப் பால்தான் வந்திருக்கிறது, இப்போது நிறுத்தினால் இத்தனை பாடும் வீண், சலேத்து பழையபடி காய்ந்துவிடுவாள் என்று என்னென்னவோ சொன்னேன். வெளியூரிலிருந்து டப்பா கைமாற்றாக வாங்கிவர ஆள் அனுப்பியிருக்கிறேன், அது வரும்வரை இவன் தாங்க மாட்டான் என்றார் டாக்டரம்மா. நாங்கள் பேசியது அமலியின் காதில் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து இறங்கி வந்தாள்.

"கொடுத்திருங்க அக்கா. அவனுக்கு டப்பாதான் இருக்கு. இவளுக்கு நான் இருக்கேன்" என்றாள்.

பத்து நாளைக்கு முன்னால் காலிக் கண்ணாடியைப் பார்த்து அழுத பெண் பேசுகிற பேச்சா இது? டப்பாவைக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் சங்கில் ஒரு சொட்டுக்கூட இல்லை. மார்பு மட்டும்தான். சூசை வெறுங்கையோடு பக்கத்தில் முட்டிபோட்டு, பழக்கத்தில் சுண்டுவிரலைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "இழுக்கா, விடாத, இழுக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சலேத்து இழுத்தாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் சேர்த்தோம். விடிகாலையில் ஒரு துணி நனைந்தது. அதன் பிறகு நனையவில்லை. ஆறு மணிக்குத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த துணி. ஏழு மணிக்கும் அப்படியே. எட்டு மணிக்குப் பிலோமி தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வாசலுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் யாருடைய பூவையும் கழற்றவில்லை.

ஒன்பது மணிக்கு ரவுண்டு. அன்றைக்கு டாக்டரம்மா நேரே கடைசிக் கட்டிலில் ஆரம்பித்தார்.

"வாய்?"

"ஈரம், அம்மா."

"வயிறு?"

"இளக்கம்."

"துணி?"

விடிகாலையிலிருந்து இல்லை என்று முனகினேன். டாக்டரம்மா குனிந்து சலேத்தைத் தூக்கினார். துணியில்லாமல் தூக்கி, வெளிச்சத்தில் பார்க்க ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணை ஒரு தரம் பார்த்தார், நாக்கை ஒரு தரம் பார்த்தார், இன்னும் நன்றாகப் பார்க்க மார்போடு சேர்த்துப் பிடித்தார்.

முதலில் எனக்குச் சத்தம்தான் கேட்டது. பிறகுதான் பார்த்தேன். டாக்டரம்மாவின் தோளுக்குக் கீழிருந்து இடுப்புவரை, கஞ்சி போட்டுத் தேய்த்த அந்த வெள்ளைச் சேலையில், சலேத்து சாவகாசமாக, நின்று நிதானமாக, நிறுத்தாமல் நனைத்துக்கொண்டிருந்தாள். சூசை எழுந்து நின்றுவிட்டார். அமலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா பிள்ளையைத் தள்ளிப் பிடிக்கவில்லை. முழுவதும் முடியட்டும் என்று காத்திருந்தார்.

"எழுதிக்கோ நர்ஸ்" என்றார். "துணி ஒண்ணு."

நான் சிலேட்டில் எழுதினேன். அவசரத்தில் அந்த ஒரு கோடு வளைந்துபோயிற்று. வாசலில் பிலோமி சிரித்த சிரிப்பு வெளியே தெருவில் போகிறவர்களையே நிற்க வைத்திருக்கும். டாக்டரம்மா சிரித்தாரா என்று, போன மாதம் இந்தக் கதையைக் கேட்ட நர்ஸ் பிள்ளைகளும் என்னிடம் கேட்டார்கள். தெரியாது, அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். ஆயா ஓடிப்போய் அறை அலமாரியிலிருந்து மடித்த சேலையைக் கொண்டுவந்து நீட்டினாள். டாக்டரம்மா அதை வாங்கவில்லை. பிள்ளையை அமலியிடம் கொடுத்துவிட்டு, இடுப்புவரை நனைந்த அதே சேலையோடு மற்றப் பதினேழு கட்டிலையும் பார்த்து முடித்தார்.